சாட்ஸ்வொர்த்தா, ஹார்ட்விக் ஹாலா?

இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் இந்த இரண்டு பழைய மாளிகைகளையும் பார்க்க ஓடாதீர்கள். இரண்டுக்கும் தொடக்கம் ஒரே பெண்மணி, 16-ஆம் நூற்றாண்டுச் சீமாட்டி ஹார்ட்விக் பெஸ்.

கட்டடக்கலைப் பிரியர்களுக்கு ஹார்ட்விக்தான். 1590-களில் ராபர்ட் ஸ்மித்சன் வடிவமைத்தது. கண்ணாடி விலையுயர்ந்திருந்த அக்காலத்தில் சுவரைவிடச் சன்னலே கண்ணில் படும்படி எழுப்பினார்கள். மேலே போகப்போகச் சன்னல்கள் உயரமாகும். முக்கியமான அறைகள் மேல்தளத்தில் இருப்பதே காரணம். அங்கே நீண்ட கூடத்தில் விவிலிய வீரர் கிதியோனின் கதையை நெய்த 13 சுவர்த் தொங்கல்கள். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் சன்னல் மறைப்புகளை இறக்கி வைக்கிறார்கள். முதலில் இருட்டாகத்தான் தெரியும். கண் பழகும்வரை நில்லுங்கள், நூல்வேலை மெல்லத் துலங்கும். படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

குழந்தைகளோடு என்றால் சாட்ஸ்வொர்த். தோட்டம் மட்டுமே 105 ஏக்கர். தோட்டக்கலைஞர் ஜோசப் பாக்ஸ்டன் 1844-ல் அமைத்த எம்பரர் நீரூற்று பம்பு இல்லாமல், மேட்டு ஏரியின் நீரழுத்தத்திலேயே பீறிடுகிறது. நீர் குறைந்தாலோ பலத்த காற்றடித்தாலோ நிறுத்திவிடுவார்கள்.

பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை ஹார்ட்விக்கில் செல்லும், சாட்ஸ்வொர்த்தில் செல்லாது. ஆனால் சாட்ஸ்வொர்த்தைச் சுற்றியுள்ள பூங்காவில் நடக்கக் கட்டணமில்லை. ஹார்ட்விக்குக்குக் காரில் போவதே எளிது: எம்1 நெடுஞ்சாலையில் 29-வது சந்திப்பில் இறங்குங்கள்.