களத் தலைவர்களுக்கான ஃபெல்லோஷிப்: எது தேறும், எது தேறாது

குடியிருப்போர் சங்கம், மீனவர் கூட்டுறவு, வீட்டுவேலைத் தொழிலாளர் அமைப்பு என்று ஏதோ ஒன்றை ஏற்கெனவே இழுத்துப்பிடித்து நடத்திக்கொண்டிருப்பவர்களைக் குறிவைத்துத்தான் இந்தத் தலைமைத்துவ ஃபெல்லோஷிப்கள் வருகின்றன. விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு: ஒரு வருடத்தை ஒட்டிய காலம், மூன்று நான்கு தங்கும் முகாம்கள், மாதம் ஒருமுறை வழிகாட்டியோடு பேச்சு, கொஞ்சம் உதவித்தொகை, கடைசியில் ஒரு செயல்திட்டம். நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான். வந்த ஆள் மட்டும் வளர்கிறாரா, அவரை அனுப்பிய சங்கமும் வளர்கிறதா?

தேர்வு முறையிலேயே பாதி தெரிந்துவிடும். ஐந்தாறு கட்டுரைக் கேள்வி, ஒரு வீடியோ, இரண்டு பரிந்துரைக் கடிதம், ஆன்லைன் நேர்காணல் என்று முடித்துக்கொண்டால், நன்றாக எழுதத் தெரிந்தவர் உள்ளே போவார். நன்றாகக் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர் வெளியே நிற்பார். வாய்மொழியாகவோ குரல் பதிவாகவோ விண்ணப்பிக்க விடுகிறார்களா, விண்ணப்பித்தவரின் ஊருக்கு நேரில் போகிறார்களா, சங்க உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேரிடம் அவர் இல்லாத நேரத்தில் பேசுகிறார்களா என்று கேளுங்கள். சமூக மாற்றத்துக்கு உழைப்பவர்களுக்கு ஃபெல்லோஷிப் தரும், 1980-இல் பில் டிரேட்டன் தொடங்கிய அசோகா அமைப்பில் முன்மொழிவு, முதல் கருத்து, இரண்டாம் கருத்து, தேர்வுக் குழு என்று பல கட்டம் உண்டு. அலுப்பூட்டும் அளவுக்கு நீளம்தான், ஆனாலும் ஆளை மேலோட்டமாகப் பார்த்து எடுத்துவிட முடியாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்கள் முதலில் கேட்பது புதிய யோசனை. பழைய வேலையையே பதினைந்து வருடம் அறுந்துபோகாமல் நடத்திவருபவருக்கு அந்த வாசல் பொருந்தாது. அவர் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பாடத்திட்டத்துக்கு வருவோம். இப்போது பல இடங்களிலும் சொல்லித்தருவது ஹார்வர்டில் மார்ஷல் கான்ஸ் வகுத்த 'பொதுக் கதை' முறை. அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் பதினாறு வருடம் வேலை செய்தவர் அவர். அந்த அனுபவம் முறையில் தெரிகிறது. என் கதை, நம் கதை, இப்போதைய கதை என்று மூன்று பகுதி. கோளாறு எங்கே என்றால், பல முகாம்கள் முதல் பகுதியிலேயே நின்றுவிடுகின்றன. ஒவ்வொருவராக எழுந்து பட்ட கஷ்டத்தைச் சொல்லி, அறையே அழுது, எல்லோரும் கைதட்டிக் கலைந்துவிடுவார்கள். மூன்றாம் பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. அது 'எல்லோரும் ஒன்றுபடுவோம்' என்று முடியக்கூடாது. 'செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் வாரிய அலுவலக வாசலுக்கு வருவீர்களா, கூட இரண்டு பேரை அழைத்து வருவீர்களா?' என்று முடிய வேண்டும். நாள், இடம், ஆள் கணக்கு இல்லாத பேச்சைத் திருப்பி அனுப்பும் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

யாரிடம் அதிகாரம், யார் எந்தப் பக்கம் என்று வரைந்து பார்க்கும் அதிகார வரைபடமும் அப்படித்தான். ஒரு சார்ட் பேப்பர், இரண்டு கோடு: மேலே போகப் போக அதிகாரம், ஒரு பக்கம் ஆதரவு, மறுபக்கம் எதிர்ப்பு. பத்தில் எட்டுப் பேர் 'அரசு', 'கம்பெனி' என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். அரசிடம் யாரும் போய்ப் பேச முடியாது. குழாய் இணைப்புக் கோப்பில் கையெழுத்துப் போடுகிற பதவி எது, அந்த இருக்கையில் இருப்பவர் யார் பேச்சைக் கேட்பார் என்ற அளவுக்கு இறங்கினால்தான் அந்தப் படத்தால் பலன். அரை மணி நேரத்தில் முடித்துவிடும் முகாமில் இது நடக்காது. அரை நாளாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் மிக உபயோகமானது, விளம்பரத்தில் பெரும்பாலும் இடம்பெறாத சக ஆலோசனை அமர்வு. நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஒருவர் தன் சங்கத்தில் இப்போது எரிந்துகொண்டிருக்கும் பிரச்சினையைக் கால் மணி நேரம் சொல்வார்: பொருளாளர் கணக்குக் காட்டவில்லை, அவரோ நிறுவனரின் உறவுக்காரர். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முழு அமைதி. அடுத்து, கேட்டவர்கள் தங்களுக்கு என்ன தோன்றியது என்று மட்டும் சொல்வார்கள். அதன் பின்புதான் உரையாடல். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது அந்த அமைதிதான். வெட்டியவுடன் எல்லோரும் அறிவுரையில் குதித்து, பிரச்சினையைக் கொண்டுவந்தவர் 'அதெல்லாம் செய்து பார்த்தாச்சு' என்று தற்காப்புக்குப் போய்விடுவார். மொத்தம் இருபது பேர் அளவிலான முகாமில் இது நன்றாக நடக்கும். ஐம்பது பேரைச் சேர்த்துவிட்டால் அது மாநாடு.

வழிகாட்டி விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பெரிய நிறுவன மேலாளரை இணைத்துவிட்டு, அவர் உறுப்பினர் சந்தா வசூலிக்கும் சங்கத்துக்கு 'பிராண்டிங்' யோசனை சொல்வது சகஜம்.

காசுப் பேச்சில்தான் நிஜமான கஷ்டம். தொகை எவ்வளவு என்பதைவிட எப்போது, எப்படி வரும் என்பது முக்கியம். 'நீங்கள் செலவு செய்யுங்கள், ரசீது தாருங்கள், திருப்பித் தருவோம்' என்பது மாதச் சம்பளக்காரருக்குச் சரிப்படும், தினக்கூலிக்குச் சரிப்படாது. ஷேர் வண்டிக்கு ரசீதும் கிடைக்காது. முன்பணம், ரசீது இல்லாத சிறு செலவுக்கு ஒரு வரம்பு, முகாம் நாட்களுக்கு இழந்த கூலி, கைக்குழந்தையோடு வருபவருக்கும் துணைக்கு வருபவருக்கும் தங்குமிடம் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் பாதியில் நின்றுபோவதற்கு ஆர்வக்குறைவைக் காரணம் காட்டுவார்கள். ஒதுக்கீட்டுத் தாளைப் பார்த்தால் குழந்தைப் பராமரிப்புக்கு வரியே இருக்காது.

செயல்திட்டம் என்ற கடைசிச் சடங்கும் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே ஓடுகிற வேலையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொன்னால், நிதி நின்ற மாதமே அது படுத்துவிடும். நடக்கிற வேலையின் ஒரு பகுதியையே திட்டமாக ஏற்றுக்கொள்ளும் இடம் தேவலை.

இதில் பழைய ஆட்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசியில் 1932-இல் தொடங்கிய ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் முகாமின் முடிவில் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள்: ஊருக்குப் போய் என்ன செய்யப்போகிறீர்கள்? 1955 கோடையில் அங்கே வந்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், தன் ஊரில் பெரிதாக ஒன்றும் நடக்காது, இளைஞர்களோடு வேலையைத் தொடர்வேன் என்கிற மாதிரிதான் பதில் சொன்னார். அந்த டிசம்பரில் தன் ஊரான மாண்ட்கமரியில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்து அவர் கைதானதும், ஊரே பேருந்தைப் புறக்கணித்ததும் தெரிந்ததே. முகாம்தான் காரணம் என்று கணக்கு எழுதவும் முடியாது. 1943-லிருந்தே கறுப்பினத்தவரின் உள்ளூர் உரிமைச் சங்கத்தில் செயலாளராக உழைத்தவர் அவர். இன்றைய ஆண்டறிக்கைகள் இந்த அடக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

அதே பள்ளியின் உதவியோடு 1957-இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவு தேவைப்பட்ட கறுப்பினப் பெரியவர்களுக்காக. முதல் ஆசிரியையாக எடுக்கப்பட்ட பெர்னிஸ் ராபின்சன் ஓர் அழகுக்கலைஞர். வாத்தியார் வேலை பார்த்தவர் வேண்டாம் என்றேதான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் கட்டத் தலைவர்கள் உருவானது இப்படி.

இன்றைய ஃபெல்லோஷிப்களில் பெரும்பாலானவை ஒரு சங்கத்துக்கு ஒரே இடம்தான் தருகின்றன. இருப்பவர்களில் திறமையானவரை மாதத்தில் பல நாள் வெளியே இழுத்தால் சங்கக் கூட்டம் தள்ளிப்போகும், மனுக்கள் தேங்கும். திரும்பி வந்தவருக்கு வெளியூர் மேடை அழைப்புகள் வேறு. சேரும் முன், சங்கத்திலிருந்து இரண்டு பேர் மாறி மாறி வரலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால், அவர் இல்லாத நாட்களில் பொறுப்பேற்பவருக்கு மதிப்பூதியம் உண்டா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால், கடந்த வருடம் முடித்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்கி, அவர்களிடம் பேசாமல் அவர்கள் சங்கத்தின் செயலாளரிடம் பேசுங்கள்.