விராலுக்கு பெயிட்காஸ்டிங் ரீல்: சில வருடம் புழங்கிய பிறகு

ஏரியில் ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் நடுவே தவளை லூர் (செயற்கை இரை) போட்டு விரால் பிடிக்கிறவரா? அப்படியென்றால் பெயிட்காஸ்டிங் ரீல் வாங்கலாம். கடற்கரையில் நின்று பாரை மீனுக்கு வீசுகிறவருக்கு ஸ்பின்னிங் ரீலே போதும்.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) அசையாது. லைன் மட்டும் சுருள் சுருளாக உருவிக்கொண்டு போகும். பெயிட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழல வேண்டும். பறக்கப் பறக்க லூரின் வேகம் குறையும், ஸ்பூலோ எடுத்த வேகத்திலேயே சுற்றும். வெளியேற வழியில்லாத லைன் உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். எல்லாரும் பயப்படும் பேக்லாஷ் இதுதான்.

கைப்பிடிப் பக்கம் உள்ள சின்னத் திருகு ஸ்பூல் டென்ஷனுக்கு, அதாவது ஸ்பூலின் இறுக்கத்துக்கு. லூரைத் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அமுக்கினால் அது மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். லூரை மாற்றினால் இதையும் திரும்பப் பார்க்கணும். எதிர்ப்பக்கத்தில் காந்த பிரேக் டயல். புதிதில் 8இல் வைத்திருந்தேன், இப்போது 3 அல்லது 4. எதிர்க்காற்று என்றால் ஏற்றிவிடுவேன். ஆனால் எந்த பிரேக்கும் கட்டை விரலுக்கு ஈடில்லை. லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரல் ஸ்பூலை அழுத்தி நிறுத்திவிட வேண்டும்.

மீன் அடித்த பிறகுதான் இந்த ரீலின் அருமை தெரியும். தவளையைக் கவ்விய விரால் நேராகக் கொடிக்குள் தலையை விடும். 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்), நன்றாக இறுக்கிய டிராக் (மீன் இழுக்கும்போது லைன் போகாமல் தடுக்கும் பிடிமானம்), 7.1:1 கியர். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் ஏழு சுற்று சுற்றும். கொடியில் சுற்றிக்கொள்ள மீனுக்கு நேரமே கிடைக்காது. (செங்குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விராலை மட்டும் விட்டுவிடுங்கள், பாவம்.)

குறையும் உண்டு. 5 கிராம் லூரெல்லாம் இதில் தூரம் போகாது. லைனை இடமும் வலமும் பரப்பும் திருகுத் தண்டில் (வார்ம் கியர்) ஏரிச் சேறு ஏறி கரகரக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும். பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கும், அடியில் கொஞ்சம் நைலான் லைன் சுற்றுங்கள்.

அப்புறம், கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பின்னிங் ரீல் மாதிரி கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது.