கரையிறங்கும் நாளில் கையில் எந்த அடையாள ஆவணம்: ஒரு கப்பல் பயணச் சேவையின் மதிப்புரை

ஏழு இரவுகளும் நான்கு துறைமுகங்களும் கொண்ட ஒரு கப்பல் பயணத்தை அண்மையில் அப்பாவுடனும் அக்காவுடனும் முடித்துத் திரும்பினேன். கேபினின் வசதி, உணவுக்கூடம், மேடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்; எங்களுக்கும் அவற்றில் குறையில்லை. கரையிறங்கும்போது எந்த அடையாள ஆவணத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பதை அந்த நிறுவனம் பயணிகளுக்கு எப்படித் தெரிவித்தது என்பதைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. முன்பு நான் சென்ற வேறொரு கப்பலிலும் ஏறத்தாழ இதே அறிவிப்பைத்தான் படித்தேன் என்பதால், ஒருவர் பெயரை மட்டும் சொல்வது நியாயமாகாது.

முதலில் நன்றாக இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். பயணம் தொடங்கும் நாளில் ஒவ்வொருவரையும் படமெடுத்து, அந்தப் படத்தைக் கப்பல் அட்டையுடன் இணைத்துவிடுகிறார்கள். கேபின் கதவைத் திறப்பதும், கடையில் கணக்கு எழுதுவதும், கப்பலை விட்டு இறங்கி ஏறுவதும் அந்த ஓர் அட்டையால்தான். இறங்குபாலத்தின் முகப்பில் அட்டையைக் கருவியில் வைத்ததும் ஒரு மெல்லிய ஒலி எழுகிறது. காவலரின் திரையில் நம் முகம் தெரிகிறது. அவர் ஒருமுறை திரையையும் ஒருமுறை நம்மையும் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். காலை எட்டு மணிக்கு நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றபோதும் ஒருவருக்குச் சில நொடிகளுக்கு மேல் ஆகவில்லை. யார் கரையில் இருக்கிறார், யார் கப்பலில் இருக்கிறார் என்ற கணக்கு இந்த ஒலியை வைத்தே எழுதப்படுகிறது. சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் நுழைவுக் கட்டுப்பாடு கட்டாயமாகிவிட்டது. அந்தக் கடமையை இந்தக் கப்பலின் ஊழியர்கள் பொறுமையோடும் மரியாதையோடும் செய்தார்கள்.

ஆனால் அந்த அட்டைக்குக் கப்பலுக்குள் இருக்கும் மதிப்பு, பாலத்தைத் தாண்டியதும் பெருமளவு குறைந்துவிடுகிறது. எங்கள் அட்டையின் முகப்பில் பெயரும், கப்பலின் பெயரும், பயணத் தேதியும் மட்டுமே இருந்தன. படம் இல்லை, நாட்டின் பெயர் இல்லை, பிறந்த நாள் இல்லை. படம் கப்பலின் கணினியில் இருக்கிறது. துறைமுக வாசலில் நிற்கும் காவலரிடம் அந்தக் கணினி இல்லை. அவர் பார்வையில் அது ஒரு விடுதிச் சாவிக்குச் சமம். அதனால்தான் பல துறைமுகங்களின் வாசலில் கப்பல் அட்டையோடு அரசு வழங்கிய புகைப்பட அடையாளத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். பகாமாஸின் நாசோ துறைமுகம் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம்.

இந்த இடத்தில்தான் நிறுவனத்தின் அறிவிப்பு போதாமல் போகிறது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முந்தைய இரவு கேபினில் வைக்கப்படும் தினத்தாளில், “கப்பல் அட்டையையும் புகைப்படத்துடன் கூடிய அடையாள ஆவணத்தையும் எடுத்துச் செல்லவும்” என்று ஒரே ஒரு வரி இருந்தது. நான்கு துறைமுகங்களுக்கும் எழுத்து மாறாமல் அதே வரிதான். எந்த ஆவணம், அசலா நகலா, கைப்பேசியில் இருக்கும் படம் போதுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடையில்லை.

மூன்றாவது துறைமுகத்தில் அதன் விளைவை நாங்கள் அனுபவித்தோம். மாலை மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது, வாசலில் இருந்த காவலர் அட்டையைப் பார்த்துவிட்டு அடையாள ஆவணம் கேட்டார். அக்காவும் நானும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினோம். அப்பா கைப்பேசியை எடுத்து, அதில் இருந்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். காவலர் கைப்பேசியைத் தொடவே இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டி, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஆவணம் வேண்டும் என்றார்.

“லைசென்ஸ் எங்கேப்பா?” என்று அக்கா கேட்டாள்.

“லாக்கர்லயே வெச்சுட்டேம்மா. அதான் போன்ல இருக்கேன்னு…”

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பயணிகள் பட்டியலோடு வாசலுக்கு வந்து, அப்பாவின் பிறந்த தேதியையும் கேபின் எண்ணையும் கேட்டுச் சரிபார்த்து அழைத்துச் செல்லும் வரை நாற்பது நிமிடங்கள் ஆயின. எழுபது வயதைத் தாண்டிய அவர் அவ்வளவு நேரமும் வெயிலில், அந்தக் கைப்பேசியை அணைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். கப்பல் புறப்படும் நேரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்ததால் இது காத்திருப்போடு முடிந்தது. காவலர் மீது எனக்குக் குறையே இல்லை. திரையில் தெரியும் ஒரு படம் யாராலும் திருத்தப்பட்டிருக்கலாம். அதை ஏற்க மறுப்பது அவருடைய வேலை. அந்த வாசலில் கைப்பேசிப் படம் செல்லாது என்று வாரந்தோறும் அங்கே வரும் கப்பலுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அதை முந்தைய இரவே எழுதியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

அன்று இரவு வரவேற்பு மேசையில் கேட்டேன். “பாஸ்போர்ட்டைப் பெட்டகத்திலேயே வைத்துவிடுங்கள், கரைக்குக் கொண்டுபோகாதீர்கள்” என்றார் அங்கிருந்தவர். கரைச் சுற்றுலாக்களைப் பதிவு செய்யும் மேசை இருபது அடி தள்ளி இருக்கிறது. அங்கே கேட்டால், “எப்போதும் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்” என்றார்கள். இருவர் சொன்னதும் ஏதோ ஒரு துறைமுகத்துக்குச் சரிதான். அது எந்தத் துறைமுகம் என்பதை இருவருமே சொல்லவில்லை.

அசல் பாஸ்போர்ட்டைப் பெட்டகத்தில் வைக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தூதரகத்தை அணுகி, அவசரப் பயண ஆவணம் பெற வேண்டும். தூதரகங்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் இருக்கின்றன; கப்பல் நிற்பதோ பல நேரங்களில் ஒரு சிறு தீவில், அதுவும் எட்டு மணி நேரத்துக்கு. பலரும் அறியாத இன்னொன்றும் இருக்கிறது. தொலைந்ததாகப் புகார் செய்த பாஸ்போர்ட் ரத்து செய்யப்பட்டு, அதன் எண் இன்டர்போல் 2002 முதல் பராமரித்துவரும் தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களின் தரவுத்தளத்துக்குச் செல்கிறது. மறுநாள் அதே பாஸ்போர்ட் பையின் உள்மடிப்பில் கிடைத்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்ய முடியாது. ஆகவே புகார் கொடுப்பதற்கு முன் பையை முழுவதுமாகக் கொட்டித் தேடிவிடுவது நல்லது.

ஆனால் அசல் இல்லாமல் முடியாத இடங்களும் இருக்கின்றன. ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டையோ, கப்பல் பயணிகளுக்குத் தரப்படும் தரையிறங்கும் அனுமதிச் சீட்டையோ உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூரில் இறங்கிய பயணி, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள தரைப்பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவுக்குப் போய்வர நினைத்தால், அது இன்னொரு நாடு. பாஸ்போர்ட் இல்லாமல் கடக்க வழியில்லை. இதற்கு நேர்மாறாக, கரீபியனின் செயின்ட் மார்ட்டின் தீவில் டச்சுப் பகுதியின் பிலிப்ஸ்பர்க்கில் இறங்கி பிரெஞ்சுப் பகுதியின் மாரிகோவுக்குச் செல்பவர், சோதனைச் சாவடி எதுவும் இல்லாமல் எல்லையைக் கடந்துவிடுகிறார். தூரம் குறைவு என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. வண்டி வாடகைக்கு எடுப்பவருக்கு ஓட்டுநர் உரிமத்தின் அசல் வேண்டும்; வரி விலக்குடன் பொருள் வாங்கவும், பல நாடுகளில் சிம் அட்டை பெறவும் பாஸ்போர்ட்டின் அசல் வேண்டும்.

கப்பலைத் தவறவிடும் வாய்ப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சென்றால், வண்டி தாமதமானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமே ஏற்பாடு செய்துகொண்டு சென்றால் காத்திருக்காது. யாரேனும் வரவில்லை என்று தெரிந்தால், அவருடைய கேபின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, கரையில் நிறுவனத்தின் சார்பில் வேலைகளைக் கவனிக்கும் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படும் வழக்கம் கப்பல்களில் உண்டு. நல்ல வழக்கம்தான், ஆனால் நான் அதை நம்பி இறங்கமாட்டேன். சொந்த ஏற்பாட்டில் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு அப்பால் போவதாக இருந்தால் அசல் பாஸ்போர்ட் என் சட்டைக்குள் இருக்கும். கப்பலின் சுற்றுலாவிலோ துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலோ என்றால் அது பெட்டகத்தில் இருக்கும், நகலும் ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்கும். அமெரிக்கக் குடிமக்கள் இங்கே கூடுதலாக ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2008 முதல் அங்கே வழங்கப்படும் பாஸ்போர்ட் அட்டையைக் கொண்டு கரீபியன் கப்பல் பயணம் செய்யலாம், ஆனால் அதை வைத்து வெளிநாட்டிலிருந்து விமானம் ஏற முடியாது. கப்பலை விட்டுவிட்டவருக்கு வீடு திரும்ப விமானம்தான் வழி என்பதால், புத்தக வடிவப் பாஸ்போர்ட்டையே பயணத்துக்குக் கொண்டுவருவது பாதுகாப்பு.

சில பயணத் தடங்களில் இந்தத் தேர்வே நம்மிடம் இருப்பதில்லை. குடியேற்ற அதிகாரிகளிடம் மொத்தமாகக் காட்டுவதற்காகக் கப்பலே பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொள்கிறது. எங்கள் கப்பலும் இரண்டாவது துறைமுகத்துக்காக வாங்கியது. கையொப்பமிட்ட ரசீது தந்து, மறுநாள் காலையிலேயே பெயர் சொல்லித் திருப்பித் தந்தார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நகலை வீட்டிலேயே எடுத்து வந்தவர்களுக்கு மட்டுமே அன்று கையில் காட்ட ஏதாவது இருந்தது.

நகல் எடுக்கும்போது நடக்கும் ஒரு சிறு தவறைச் சொல்ல வேண்டும். படமுள்ள பக்கத்தின் அடியில், ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பதற்கானவை அவை. பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் அவற்றில் அடங்கியிருக்கின்றன. அக்கா எடுத்து வந்த நகலில் கீழ் வரி பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. வண்ணத்தில், பக்கம் முழுவதும் தெரியும்படி, விசாப் பக்கத்தையும் சேர்த்து எடுத்து, பணப்பையிலிருந்து தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்க வேண்டும். நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சிறு படகில் கரைக்குப் போன நாளில் உறையில்லாமல் வைத்திருந்த என் நகல் நனைந்து, மடிப்பில் மை கலங்கிவிட்டது.

கப்பல் கடையில் வாங்கிய கழுத்துப் பையைப் பற்றியும் ஒரு சொல். அட்டை வெளியே தெரியும் சன்னலும் ஜிப்பும் உறுதியாகவே இருந்தன, ஆனால் பாஸ்போர்ட்டை வைத்தால் ஜிப் மூடவில்லை. அட்டைக்கும் உரிமத்துக்கும் மட்டும் அது போதும்.

தினத்தாளின் கடைசி மூலையில், மிகச் சிறிய எழுத்தில், அந்தந்தத் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருந்ததைக் கடைசி நாளில்தான் கவனித்தேன். அசம்பாவிதம் நேர்ந்தால் கரையில் முதலில் தேவைப்படுவது அந்த எண்தான். அதைப் பெரிய எழுத்தில் போட்டு, அதன் அருகிலேயே வாசலில் என்ன கேட்பார்கள், கைப்பேசிப் படம் செல்லுமா, அசலை உடன் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறதா என்று மூன்று வரிகள் சேர்த்தால் போதும். புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. எல்லாம் முகவருக்கும் கப்பலின் பாதுகாப்புப் பிரிவுக்கும் ஏற்கனவே தெரிந்தவை. இதை நிறுவனத்துக்கு எழுதினேன். உரிய பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

இறங்குபாலப் பணிக்கும் பாஸ்போர்ட்டுகளைக் கையாண்ட விதத்துக்கும் ஐந்துக்கு ஐந்து தருகிறேன். அடையாள ஆவணம் குறித்த தகவலுக்கு ஐந்துக்கு இரண்டு. அடுத்த ஆண்டு இதே கப்பலில் செல்ல அப்பா விரும்புகிறார். அப்போது துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபட்ட வரிகள் தினத்தாளில் இருந்தால், அந்த இரண்டைத் திருத்தி எழுதுவேன்.