ஆயில் டெம்பரேச்சர் கேஜ் கிட்: எட்டு டிகிரி பொய், மீதி உண்மை

எஞ்சின் ஆயிலின் சூட்டைக் காட்டும் இந்த கிட் ஆறு மாதமாக என் வண்டியில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் 52 மில்லிமீட்டர் முள் கேஜ், ஒற்றை வயர் சென்சார், ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மாட்டும் சேண்ட்விச் பிளேட், அதற்குள்ளேயே எண்ணெய் சூடானால் மட்டும் கூலருக்கு வழி திறக்கும் ஒரு தெர்மோஸ்டாட், ஆயில் கூலருக்குப் போக இரண்டு வாய், கொஞ்சம் வயர், ஒரு பஸ்ஸர். இதே பொருளை வேறு வேறு பெயரில் நிறையப் பேர் விற்கிறார்கள், அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை.

வண்டி சீரிஸ் 3 லேண்ட்ரோவர். 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே நிறுவனத்தின் டிஸ்கவரி வண்டியிலிருந்து எடுத்த 200 டிடிஐ டர்போ டீசல் எஞ்சினை உட்கார வைத்திருக்கிறேன். 2495 சிசி, 111 குதிரைசக்தி, பழையதோடு ஒப்பிட்டால் சுமார் ஒன்றரை மடங்கு. பழைய டேஷ்போர்டில் சூடு காட்ட ரேடியேட்டர் தண்ணீருக்கு மட்டும்தான் முள் இருந்தது, அதுவும் எப்போதும் நடுவில் நின்று சமத்துப் பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்தது. ஆனால் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் முள் வழக்கத்தை விடக் கீழே வந்து நிற்கும். எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகிறதோ என்ற சந்தேகத்தில்தான் இந்த கிட்டை வாங்கினேன்.

மாட்டிய முதல் வாரமே வயிற்றைக் கலக்கிவிட்டது. சமதள நெடுஞ்சாலையில் மணிக்கு 85 கிலோமீட்டரில் போனால், முதல் கால் மணி நேரம் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிற முள் அப்புறம் மெல்ல மெல்ல நகர்ந்து, அரை மணி நேரத்தில் 128-க்கு வந்து நின்றது. தண்ணீர் மட்டும் அசையவில்லை. பஸ்ஸர் 120-லேயே கத்த ஆரம்பித்து நிற்காமல் கத்தியது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

டர்போ டீசலில் எண்ணெய்க்கு மசகு வேலை மட்டும் இல்லை என்பது தெரியும்: டர்போ ஷாஃப்ட்டின் பேரிங் அதில்தான் மிதக்கிறது, பிஸ்டனுக்குக் கீழே இருந்து பீய்ச்சி அடித்துச் சூட்டை வாங்கிக்கொண்டு வருவதும் அதுதான். அதனால் தண்ணீர் சூட்டை விடப் பத்து இருபது டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம், 110 வரை நான் கண்டுகொள்ளவே மாட்டேன். 120-ஐத் தாண்டி மணிக்கணக்கில் ஓடினால் கதை வேறு. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெய் கெட்டுப்போகிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு உண்டு. நான் ஊற்றுவது சாதாரண மினரல் 15டபிள்யூ-40.

சரி, எஞ்சினைத் திட்டுவதற்கு முன் கேஜைத் திட்டலாம் என்று தோன்றியது. சென்சாரைக் கழற்றி, அதன் உடலுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் கொடுத்து, கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டேன், பக்கத்தில் ஒரு நல்ல தெர்மாமீட்டர். தண்ணீர் 100, கேஜ் 101. அட, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டே ஹெட்லைட்டைப் போட்டேன், முள் 109-க்குத் தாவியது! லைட்டை அணைத்தால் 101, போட்டால் 109. நான் அந்த வாரம் முழுக்க ஓட்டியது இரவில்.

காரணம் கேஜின் கறுப்பு வயர். கிட்டோடு வந்த தாளில் "ஏதாவது ஒரு உலோகப் பகுதியில் இணைக்கவும்" என்று ஒரே வரி, நானும் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த பழைய எர்த் போல்ட்டில் போட்டுவிட்டேன். விளக்குகளின் எர்த்தும் அங்கேதான் வருகிறது, போல்ட்டோ துருப்பிடித்தது. விளக்குக் கரண்ட் அந்தத் துரு வழியாகப் போகும்போது கேஜின் பூஜ்யம் கொஞ்சம் மேலே தூக்கப்படுகிறது, சென்சாரோ எஞ்சினில் எர்த் ஆகியிருக்கிறது, அந்த வித்தியாசத்தைக் கேஜ் சூடு என்று படித்துக்கொள்கிறது. கறுப்பு வயரை நேராக எஞ்சின் பிளாக்கிற்குக் கொண்டுபோன பிறகு லைட் போட்டாலும் அணைத்தாலும் முள் ஆடவில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டால் எர்த் சரியாகக் கிடைக்காது, இந்த வகைச் சென்சாரில் தடை கூடினால் முள் குறைவாகத்தான் காட்டும். இது முதல் தப்பை விட மோசம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டே இருப்போம். அதே மாதிரி, பிரஷர் சென்சாரோடு T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு ஓரமாக மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அங்கே எண்ணெய் ஓடுவதில்லை, தேங்கி ஆறிப்போய் நிற்கும். சேண்ட்விச் பிளேட்டில் எண்ணெய் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் கிட்டின் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

எர்த்தைச் சரி செய்து அதே சாலையில் அதே வேகத்தில் மறுபடி ஓட்டினேன், 120. பொய் எட்டு டிகிரி, மீதி எஞ்சினுடையது.

இனிமேல்தான் கிட் கொடுத்த காசுக்கு வேலை செய்தது. வேகத்தை 65-க்குக் குறைத்தால் பத்து நிமிடத்தில் 107. சுமையோடு நீண்ட ஏற்றம், மூன்றாவது கியர், டர்போ முழு மூச்சில், அப்போதும் 112-ஐத் தாண்டவில்லை. டீசல் அதிகமாகப் போவதுதான் காரணம் என்றால் ஏற்றத்தில்தான் முதலில் எகிறியிருக்க வேண்டும். இங்கே சூடு ஏறுவது ஆர்பிஎம்மோடு, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதோடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நியாயம்தான்: சீரிஸ் வண்டியின் டிஃபரன்ஷியலில் கிரவுன் பினியன் பல்விகிதம் 4.7-க்கு 1, சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் கிடையாது, மணிக்கு 80-லேயே எஞ்சின் ஏறக்குறைய 3000 சுற்றுகிறது. இதே எஞ்சின் டிஸ்கவரியில் 3.54 டிஃபரன்ஷியலோடும் ஐந்தாவது கியரோடும் நிதானமாக ஓடியது, அதன் முழு டார்க்கும் (இழுவிசை) 1800 சுற்றிலேயே கிடைத்துவிடும். நான் அதை 3000-க்கு மேல் அரை மணி நேரம் விடாமல் ஓடவிட்டு, எண்ணெய் ஏன் சூடாகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் அளவைப் பார்த்தேன், சரி. அதிகமாக ஊற்றியிருந்தால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிச் சூடேற்றும், அது இல்லை.

இரண்டாவது காரணம் கீழே குனிந்து பார்த்தபோது கிடைத்தது. 200 டிடிஐயின் ஃபில்டர் ஹவுசிங்கில் ஆயில் கூலருக்குப் போக வர இரண்டு வாய் உண்டு, அதற்கென்று உள்ளேயே ஒரு தெர்மோஸ்டாட்டும் உண்டு. டிஸ்கவரியில் அந்தக் கூலர் ரேடியேட்டரோடு சேர்ந்தே இருக்கும். சீரிஸ் ரேடியேட்டரில் அது கிடையாது. எஞ்சின் மாற்றிக் கொடுத்த ஒர்க்‌ஷாப் ஒரு சின்ன ஹோஸால் இரண்டு வாயையும் இணைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்ணெய் அந்த ஹோஸுக்குள் போய், ஒரு டிகிரியும் ஆறாமல், அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்த ஹோஸைப் பிடுங்கிவிட்டு 13 வரிசைக் கூலர் ஒன்றை மாட்டினேன். முதலில் டர்போ காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால் இடம் இருக்கிறதே என்று வைத்துப் பார்த்தேன், ஐந்து டிகிரிதான் குறைந்தது. ஏற்கெனவே சூடான காற்றில் எதை ஆற வைப்பது? கிரில்லுக்கு நேர் பின்னால், புதுக் காற்று படுகிற இடத்துக்கு மாற்றிய பிறகு 85-ல் 106, அங்கேயே நிற்கிறது. ஐடிலில் பிரஷர் முள்ளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இதில் கிட்டின் சேண்ட்விச் பிளேட்டில் இருக்கிற தெர்மோஸ்டாட்டும் கூலர் வாய்களும் எனக்குச் சுத்த வேஸ்ட். ஹவுசிங்கிலேயே எல்லாம் இருக்கும்போது இரண்டாவது தெர்மோஸ்டாட் எதற்கு? வாய்களை அடைத்துவிட்டு, பிளேட்டைச் சென்சார் மாட்டுகிற வளையமாக மட்டும் வைத்திருக்கிறேன். உங்கள் எஞ்சினில் கூலருக்கு வழியே இல்லை என்றால் அது உதவும். ஆனால் வாங்குவதற்கு முன் ஃபில்டர் மரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிளேட்டின் தடிமனும் சேர்ந்து ஃபில்டர் கீழே இறங்கும், எஞ்சின் மாற்றிய வண்டியில் அந்த இடத்தில் சேஸியோ எக்ஸாஸ்டோ காத்திருக்கும். எனக்கு விரல் கனம்தான் இடைவெளி மிச்சம்.

கிட்டில் வந்த வயர் மெலிசு, மாற்றிவிட்டேன். சேண்ட்விச் பிளேட்டின் ஓ-ரிங் இதுவரை ஒரு சொட்டும் கசியவில்லை. முள் நடுங்குவதில்லை, பகலில் தெளிவாகத் தெரிகிறது, இரவில் அதன் நீல வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, மங்கலாக்க வழி இல்லை.

அப்புறம் அந்த பஸ்ஸர். 120-ல் கத்தும், அந்த 120-ஐ மாற்ற முடியாது, ஒருமுறை அமுக்கி அடக்கவும் முடியாது, 120-க்குக் கீழே வரும்வரை விடாது. என் மனைவி முதல் பயணத்திலேயே அதன் வயரைப் பிடுங்கிவிட்டாள், இன்றுவரை நான் திரும்பச் சொருகவில்லை.

கேஜுக்கும் சென்சாருக்கும் 5-க்கு 4, தாளுக்கும் பஸ்ஸருக்கும் சேர்த்து 1. அடுத்து 3.54 டிஃபரன்ஷியல் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் 80-ல் எஞ்சின் 2300-க்குக் கீழே வந்துவிடும், அப்போது முள் எங்கே நிற்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.