நண்டு விலைத் தாளில் ஒரு கட்டம்: வடகடல் கரைக்காரர்கள் கவனத்துக்கு

ராமேசுவரம் அருகே மண்டபம் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், நண்டு வலை போடும் ஐந்து வள்ளங்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒன்று அப்பாவுடையது, மற்ற நான்கும் உறவினர்களுடையவை. தை முதல் பங்குனி வரை எங்களிடம் நண்டு எடுத்த வியாபாரி எடையில் கை வைக்கவில்லை, நண்டுக் கம்பெனி அவருக்குத் தரும் விலையையும் மறைக்கவில்லை. எக்ஸெல் தாளில் வகுக்கும் இடத்தில் ஒரு கட்டத்துக்குப் பதிலாக இன்னொரு கட்டத்தைக் காட்டிவைத்து, கிலோவுக்கு 52 ரூபாய் வரை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஒப்பந்தம் எளிமையானது. பேசிய நாளில் கிலோவுக்குக் கம்பெனி விலை 600 ரூபாய், எங்களுக்கு 500. அதன்பின் கம்பெனி விலை எத்தனை சதவீதம் ஏறுகிறதோ இறங்குகிறதோ, அதே சதவீதம் எங்கள் விலையும் மாறும். வலை வாங்க முன்பணம் பெற்றிருந்ததால் வேறு ஆளிடம் நண்டைப் போட வழியில்லை என்றாலும், முறை நியாயமாகத் தோன்றியதால் அப்பா ஒப்புக்கொண்டார். வாரந்தோறும் சனிக்கிழமை மாலை அவருடைய கணக்குப்பிள்ளை விலைத் தாளைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படத்தில் எண்கள் மட்டுமே தெரியும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஃபார்முலா தெரியாது என்பதை அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த மூன்று மாதங்களில் கம்பெனி விலை 600இலிருந்து 630க்கு ஏறியது, மீண்டும் 600க்கு வந்தது, பிறகு ஒரே வாரத்தில் 480க்கு விழுந்து மூன்று வாரம் அங்கேயே நின்றது, பங்குனியில் திரும்பவும் 600ஐத் தொட்டது. எங்களுக்கு வந்த விலை முறையே 524, 498, 373, 448. கடைசிச் சனிக்கிழமை அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "கம்பெனி விலை பழைய இடத்துக்கே வந்துவிட்டதே, நம்முடையது மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். எக்ஸெல் அறியாத அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு, பி.காம். படித்த என்னிடம் பதில் இல்லை. தாளையே அனுப்பும்படி கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் மறுக்காமல் அனுப்பிவிட்டார்.

தாளில் பி நெடுவரிசையில் கம்பெனி விலை, சி நெடுவரிசையில் சதவீத மாற்றம், டி நெடுவரிசையில் எங்கள் விலை. சி3 கட்டத்தைத் தொட்டதும் மேலே தெரிந்த ஃபார்முலா இது: =(பி3-பி2)/பி3. விலை மாற்றத்தைப் பழைய விலையால்தான் வகுக்க வேண்டும், அதாவது முடிவில் பி2 இருக்க வேண்டும். இங்கே புதிய விலையால் வகுத்திருந்தார்கள். கீழே இழுத்து நிரப்பியதால் ஒவ்வொரு வரிசையிலும் அதே தவறு இறங்கியிருந்தது.

இதன் விளைவைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 600இலிருந்து 480க்கு இறங்கினால் இறக்கம் 120. அதை 600ஆல் வகுத்தால் 20 சதவீதம், 480ஆல் வகுத்தால் 25 சதவீதம். 480இலிருந்து 600க்கு ஏறினால் ஏற்றமும் அதே 120 தான். சரியான கணக்கில் அது 25 சதவீதம், அவர்கள் தாளில் 20 சதவீதம். ஆக, விலை விழும்போது எங்களுக்கு அதிகமாக விழுந்தது, ஏறும்போது குறைவாக ஏறியது. இரண்டு திசையிலும் நட்டம் விற்பவனுக்கே. ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நட்டம்.

சிறிய மாற்றங்களில் இது கண்ணுக்கே தெரியாது. 600 விலை 630 ஆனபோது சரியான ஏற்றம் 5 சதவீதம். தாளில் வந்தது 4.76. ஆனால் சி நெடுவரிசையில் தசம இடங்களை மறைத்திருந்ததால் அங்கும் 5 என்றே தெரிந்தது. 525 வர வேண்டிய இடத்தில் 524 வந்ததை, பைசாவை விட்டுவிட்டார்கள் போலும் என்று நானே அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு தெரியாமல் செய்த பிழை என்று நம்பத்தான் முதலில் விரும்பினேன். ஆனால் அதே தாளில் ஐஸ் செலவைக் கழிப்பதற்கு ஒரு பகுதி உண்டு. ஐஸ் விலை ஏறும்போது எங்களிடம் பிடிக்கும் தொகையை ஏற்றுவதற்கான ஃபார்முலா அங்கே =(எஃப்3-எஃப்2)/எஃப்2 என்று, பழைய விலையால் வகுத்துச் சரியாக இருந்தது. ஒரே தாளில், ஒரே கையால், எங்களுக்குத் தர வேண்டிய இடத்தில் ஒரு முறையும் எங்களிடம் பிடிக்க வேண்டிய இடத்தில் வேறு முறையும் எழுதியிருப்பதைப் பிழை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வியாபாரியிடம் போனபோது, "கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா, அதில் எப்படித் தப்பு வரும்?" என்றார். சி3ஐத் தொட்டுக் காட்டியதும் பழியைக் கணக்குப்பிள்ளை மேல் போட்டார். அந்தக் கடைசி வாரம் மட்டும் ஐந்து வள்ளங்களும் போட்டது 180 கிலோ. 52 ரூபாய் வீதம் 9,360 ரூபாய். முந்தைய வாரங்களின் பாக்கி தனி. பாதியை ஒப்புக்கொண்டார், அதையும் கையில் தராமல் முன்பணத்தில் கழித்துக்கொண்டார்.

இப்போது நான் வைத்திருக்கும் தாளில் சதவீத நெடுவரிசையே கிடையாது. எங்கள் விலைக்கு =$டி$2*பி3/$பி$2 என்று எழுதியிருக்கிறேன். ஒப்பந்த நாளின் இரண்டு விலைகளும் டாலர் குறியால் பூட்டப்பட்டிருப்பதால், கீழே இழுத்தாலும் அவை நகர்வதில்லை. ஒரு வாரம் விலையைத் தவறாக ஏற்றினாலும் அடுத்த வாரத்துக்கு அது தொற்றாது. டாலர் குறியை இரண்டு இடத்திலும் போடுங்கள். ஒன்றை மட்டும் பூட்டினால் விலை தாறுமாறாகிவிடும். மற்றவர் அனுப்பும் தாளில் எல்லா ஃபார்முலாக்களையும் ஒரே பார்வையில் காண, கணினியில் கன்ட்ரோல் விசையோடு, எண் 1க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தலாம். ஃபார்முலா இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் எண் இருந்தால் யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகுகள் மட்டும் போகும் அந்த நாட்களில் விலை அதிகம் ஆடும். போன வாரம் பாம்பன் பக்கத்து உறவினர் ஒருவர், வேறொரு வியாபாரி தமக்கு அனுப்பிய தாளை என்னிடம் காட்டினார். சி3 கட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதிலும் வகுக்கும் இடத்தில் பி3 தான் இருந்தது.