24 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்: என் இடுப்புவலிக் கதை

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது இடுப்புவலிக்கு ஆஸ்டியோபாத்திடம் போவதா, கைரோபிராக்டரிடம் போவதா என்று குழம்பிக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் மூன்று ராத்திரி தூக்கம் கெட்டு அதே கேள்வியைத்தான் கூகுளில் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் 1,080 பவுண்டை ஒரே தேய்ப்பில் கட்டிவிட்டு, இடுப்புவலியோடு கால்வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆரம்பித்தது ஹீத்ரோவில். சென்னையிலிருந்து திரும்பி வந்த நாள். பெட்டி 23 கிலோ. உள்ளே அம்மா கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய், வடாம், அப்புறம் ஒரு குட்டி அம்மிக்கல். (அம்மிக்கல் கேட்டது யார் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது பேசுவதில்லை.) சுற்றிவரும் பெல்ட்டிலிருந்து உடம்பைத் திருப்பி ஒரே இழுப்பாக இழுத்தேன். இடுப்பில் சுருக்கென்றது. மறுநாள் காலையில் குனிந்து சாக்ஸ் போட முடியவில்லை.

அம்மா போனில் “வாயுப் பிடிப்புடா, பூண்டு தட்டிப் போட்டு ரசம் வெச்சுக் குடி” என்றார். ஊராக இருந்தால் சுளுக்கு எடுக்கிறவரிடம் போயிருப்பேன், இல்லை கால் முதலில் வெளியே வரப் பிறந்தவர் யாரையாவது கூப்பிட்டு முதுகில் மிதிக்கச் சொல்லியிருப்பார்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் அதற்கு எங்கே போவது? ஜி.பி.யை, அதாவது இங்கே நாம் பதிந்து வைத்திருக்கும் பொது மருத்துவரை, பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதனால் தனியாரைத் தேட ஆரம்பித்தேன்.

ஆஸ்டியோபாத், கைரோபிராக்டர் இரண்டு பேருமே கையால் வைத்தியம் பார்ப்பவர்கள்தான். பொதுவாக ஆஸ்டியோபாத் தசையை அழுத்தி, நீவி, மூட்டை மெதுவாக அசைத்துப் பார்ப்பார். கைரோபிராக்டர் முதுகெலும்பில் சட்டென்று ஒரு தள்ளு தள்ளுவார், ‘படக்’ என்று சத்தம் வரும். ஆனால் அவர் செய்வதை இவரும், இவர் செய்வதை அவரும் செய்வதுண்டு. இரண்டு துறையுமே அமெரிக்காவில் பிறந்தவை. ஆஸ்டியோபதியை 1874-இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கினார். கைரோபிராக்டிக்கை 1895-இல் டி.டி. பால்மர் என்ற காந்த வைத்தியர் தொடங்கினார். காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தள்ளிச் சரிசெய்தேன், காது கேட்டுவிட்டது என்பதுதான் அவர் சொன்ன முதல் கதை. காது கேட்கும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போகவே இல்லை. எலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதால்தான் நோயெல்லாம் வருகிறது என்ற ‘சப்லக்ஸேஷன்’ கொள்கை அங்கிருந்து கிளம்பியது. அது நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று கைரோபிராக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பிரிட்டனின் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல் அறிவித்துவிட்டது. இது எனக்குத் தெரிந்தது பணம் கட்டிய பிறகு.

நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் வேறு குழப்பினார். “எங்க குடும்ப டாக்டரே ஆஸ்டியோபாத்தான், கண்ணை மூடிக்கிட்டுப் போ.” அமெரிக்காவில் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் வாங்கியவர் முழு மருத்துவர், அறுவைசிகிச்சைகூடச் செய்யலாம். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் மருத்துவர் இல்லை, மருந்துச் சீட்டு எழுத மாட்டார். இங்கே சில கைரோபிராக்டர்கள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட்டுக்கொள்வார்கள். அது மரியாதைக்குப் போடுவது. என்னைப் பார்த்தவரின் கதவிலும் இருந்தது. நான் அவரை மருத்துவர் என்றே நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

1993, 1994 சட்டங்களின்படி, அந்தந்தத் துறையின் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் இங்கே இந்த இரண்டு பெயர்களையும் போட்டுக்கொள்வது குற்றம். கவுன்சில் தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். நானும் தட்டிப் பார்த்தேன், இருந்தார். சரி, இனி பயமில்லை என்று நினைத்தேன். படித்துத் தகுதி பெற்றவர் என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்லும், என்ன விலைக்கு எத்தனை சிட்டிங் தலையில் கட்டுவார் என்பதையா சொல்லும்?

உண்மையைச் சொன்னால் நான் தேர்ந்தெடுத்தது விலையைப் பார்த்து. பக்கத்துத் தெரு ஆஸ்டியோபாத்துக்கு முதல் முறை 58 பவுண்டு. ஸ்டேஷன் பக்கத்துக் கைரோபிராக்டருக்கு ஃபேஸ்புக் சலுகையில் எக்ஸ்ரேயோடு சேர்த்து 29 பவுண்டு.

முதல் நாள் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். தலைவலி உண்டா, அலர்ஜி உண்டா, தூக்கம் எப்படி என்று இரண்டு பக்கம். இடுப்பைத் தொட்டுப் பார்த்தது ஐந்து நிமிடம் இருக்கும். நேராக எக்ஸ்ரே, அதுவும் கழுத்திலிருந்து இடுப்பு வரை. முடிவை அன்றைக்கே சொல்லவில்லை. “நாளைக்கு உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள், இது குடும்பமாக எடுக்க வேண்டிய முடிவு” என்றார். அந்த ராத்திரி நான் தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

மறுநாள் பெரிய திரையில் என் முதுகெலும்பு. அதன்மேல் சிவப்புக் கோடுகள். கழுத்தின் வளைவு போய்விட்டது, கீழே தேய்மானம் இரண்டாம் கட்டம், இப்படியே விட்டால் ஐம்பது வயதில் இப்படி ஆகும் என்று வேறு யாருடையதோ படத்தைக் காட்டினார். சுவரில் ஒரு வரைபடம், ஒவ்வொரு எலும்பிலிருந்தும் இதயம், வயிறு, சிறுநீரகம் என்று கோடு போயிருந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் அவர், “பையனுக்கு எட்டு வயதா? அவனையும் ஒருமுறை பார்த்துவிடலாம்” என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஒரு சிட்டிங் 60 பவுண்டு. 24 சிட்டிங்குக்கு 1,440. இன்றைக்கே மொத்தமாகக் கட்டினால் 1,080. இந்த விலை இன்று மட்டும். ரிசப்ஷனில் இருந்த பெண் மெஷினை ஏற்கெனவே கையில் வைத்திருந்தாள். பட்டுப்புடவைக் கடையில் ஐந்து ரூபாய்க்கு அரை மணிநேரம் பேரம் பேசுகிறவள் என் மனைவி. அவளே “கட்டிடுங்க” என்றாள். பயம் அப்படிச் செய்யும்.

வாரத்துக்கு மூன்று சிட்டிங். குப்புறப் படுக்க வேண்டும், படக் படக், எழுந்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம். எலும்பு இடத்தில் வந்து உட்காரும் சத்தம் என்று நினைத்து நானும் மகிழ்ந்துபோவேன். மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வரும் சத்தம் அது, விரலில் சொடக்கு எடுப்பதைப் போல. சாயங்காலம் லேசாக இருக்கும், காலையில் பழையபடி. ஏழாவது சிட்டிங்குக்குப் பிறகு வலி இடது கெண்டைக்கால் வரை இழுத்தது. சொன்னேன். “உடம்பு குணமாகிறபோது அப்படித்தான் இருக்கும்.” ஒன்பதாவது முறை கேட்காமலேயே கழுத்தைத் திருப்பினார். இடுப்புவலிக்குக் கழுத்து எதற்கு? எழுந்ததும் தலை சுற்றியது, பத்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்தை இப்படித் திருப்புவதில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வமாக உண்டு என்று அதற்கப்புறம் படித்தேன். அந்த ஆபத்தைச் சொல்லி என் சம்மதத்தை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பத்தாவதுக்குப் போகவில்லை. நாங்கள் மளிகை வாங்கும் கடையின் யாழ்ப்பாணத்து அண்ணைதான், “தம்பி, காசை முழுக்கக் குடுத்துப்போட்டே வந்து நிக்கிறீர்?” என்று திட்டிவிட்டு, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பிசியோதெரபிக்கு ஜி.பி. இல்லாமலேயே நாமே பதிந்துகொள்ளலாம் என்று சொன்னார். இங்கிலாந்தில் பல பகுதிகளில் இந்த வசதி உண்டு. இரண்டு வாரம் ஜி.பி.க்குக் காத்திருக்க முடியாது என்று ஓடிய எனக்கு இது தெரியாது.

பிசியோதெரபிஸ்ட் பெண் முதலில் கேட்டதே வேறு கேள்விகள். சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, மலம் அடக்க முடிகிறதா, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா, இரண்டு காலிலும் பலம் குறைந்ததா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம் என்றாள். கைரோபிராக்டரின் இரண்டு பக்கப் படிவத்தில் இந்தக் கேள்வி ஒன்றுகூட இல்லை. அப்புறம் கால் விரலைத் தூக்கச் சொன்னாள், முழங்காலில் சுத்தியலால் தட்டினாள், காலைத் தூக்கிப் பார்த்தாள். எக்ஸ்ரேயைக் காட்டியபோது சிரிக்கவில்லை, அது அவள் நல்ல குணம். “உங்கள் வயதில் தேய்மானம் நரைமுடி மாதிரி, வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும்” என்றாள். சாதாரண இடுப்புவலிக்கு வழக்கமாகப் படம் எடுக்க வேண்டாம், கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே தரலாம் என்பதுதான் எந்த நோய்க்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று இங்கே பரிந்துரைக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி. ஒன்பது சிட்டிங்கில் எனக்கு ஒரு உடற்பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை.

நடக்கச் சொன்னாள், நான்கு பயிற்சி கொடுத்தாள். ஆறு வாரத்தில் கால்வலி போனது. இவளிடம் போகாமல் இருந்திருந்தாலும் தானாகப் போயிருக்கலாம். பெரும்பாலான இடுப்புவலி சில வாரங்களில் குறைந்துவிடும் என்று அவளே சொன்னாள்.

அப்படியானால் ஆஸ்டியோபாத்திடம் போயிருக்கலாமோ? என் மனைவி தோள்வலிக்கு அந்த 58 பவுண்டுக்காரரிடம் போனாள். முக்கால் மணிநேரம் பார்த்தார், மூன்றாவது முறையே “இனி வர வேண்டாம், வலித்தால் கூப்பிடுங்கள்” என்றார். ஆனால் அந்தத் துறையிலும் கைக்குழந்தையின் மண்டையோட்டை லேசாகத் தொட்டு அழுகையை நிறுத்துகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். என் ஆபீஸ் நண்பர் போகும் கைரோபிராக்டரோ முதல் நாளே “நான்கு முறையில் மாற்றம் இல்லையென்றால் ஜி.பி.யிடம் போங்கள்” என்றாராம், பேக்கேஜ் என்ற பேச்சே இல்லை. போர்டில் என்ன பெயர் இருக்கிறது என்று நான் மூன்று ராத்திரி பார்த்ததற்குப் பதிலாக, போனில் ஒரு நிமிடம் “எத்தனை முறை வரச் சொல்வீர்கள், ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டலாமா?” என்று கேட்டிருக்கலாம்.

பணக் கதை. மிச்சம் 15 சிட்டிங்குக்கு 675 பவுண்டு வர வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்தினால் தள்ளுபடி ரத்தாம். ஒன்பது சிட்டிங்குக்கு 60 வீதம் 540 கழித்து, நிர்வாகச் செலவு என்று இன்னொரு 100 பிடித்து, 440 தருவோம் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளில் பொடி எழுத்தில் இருந்தது. கைரோபிராக்டிக் கவுன்சில் வைத்தியரின் நடத்தையைத்தான் விசாரிக்கும், பணம் வாங்கித் தராது. நல்லவேளை, கட்டியது கிரெடிட் கார்டில். 1974-ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை கிரெடிட் கார்டில் வாங்கியதற்கு, விற்றவரைப் போலவே கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு கிடையாது. கார்டு கம்பெனிக்கு எழுதி, அதன் நகலை கிளினிக்குக்கும் அனுப்பினேன். அடுத்த வாரமே 100 பவுண்டு நிர்வாகச் செலவு மாயமாகிவிட்டது, 540 திரும்பி வந்தது. மீதி 135-க்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கழுத்து விஷயத்துக்குக் கவுன்சிலுக்கும் தனியாகப் புகார் போட்டிருக்கிறேன்.

கிளினிக்கிலிருந்து எஸ்.எம்.எஸ். மட்டும் நிற்கவில்லை. நேற்று வந்தது: பள்ளி விடுமுறைச் சலுகை, குழந்தைகளுக்கு முதுகெலும்புப் பரிசோதனை இலவசம்.