மருந்து நெய்: வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டே போவதா, கஞ்சியோடு சேர்ப்பதா?

பஞ்சகர்மா என்கிற, உடம்பைச் சுத்தப்படுத்தும் ஆயுர்வேதச் சிகிச்சைக்குப் போகிற பலர் பேதி மருந்துக்கோ வஸ்திக்கோ (எனிமா) அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அதற்கு முன்னால் உடம்பைத் தயார் செய்ய வருகிற நெய்யை நினைத்தால்தான் கலங்குகிறார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் உருக்கிய மருந்து நெய், அதுவும் நாளுக்கு நாள் அளவு கூடும் என்றால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும். "இதையே தினமும் சாப்பாட்டில் ஊற்றிச் சாப்பிட்டால் ஆகாதா?" என்று வைத்தியரிடம் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். ஆயுர்வேத நூல்களிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் நெய் சாப்பிடும் முறைகள் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு ஏற்பட்டவை. ஒன்றின் பலனை இன்னொன்றில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் அச்சபானம். வேறெதுவும் கலக்காமல் நெய்யை மட்டும் குடிப்பது. பெரும்பாலும் 25 அல்லது 30 மி.லி.யில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசி நாளில் 150 மி.லி.யைத் தாண்டுவதும் உண்டு. குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கி, அளந்து கையில் கொடுப்பார்கள். தோல்நோய்க்குத் தருகிற மகாதிக்தக நெய் என்றால் முதலில் நெய் மணம் தெரியும், தொண்டையைத் தாண்டும்போது வேம்பும் கடுகுரோகிணியும் சேர்ந்த கசப்பு ஏறும். நிறுத்தி நிறுத்திக் குடித்தால் குமட்டும், ஒரே மூச்சில் விழுங்கிவிடுவது நல்லது. அப்புறம் வெந்நீரில் வாய் கொப்பளித்து, உதட்டில் ஒட்டியதையும் துடைத்துவிட வேண்டும். அந்த வாடையே பாதிக் குமட்டலுக்குக் காரணம்.

அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. பசி எடுக்கும்வரை சாப்பாடு கிடையாது. தாகத்துக்கு வெந்நீர் மட்டும். பகல் தூக்கம் கூடாது, குளிர்காற்றில் அலையக் கூடாது, வண்டிப் பயணம் கூடாது. நெய் செரித்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி வெந்நீர் குடித்துப் பார்க்கச் சொல்கிறது வாக்படர் எழுதிய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம். ஏப்பம் நெய் வாடையில்லாமல் வந்து, உடம்பு லேசாகி, சாப்பாட்டில் ருசி பிறந்தால் செரித்துவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் கஞ்சி. 150 மி.லி. நெய்யிலேயே ஏறத்தாழ 1,200 கலோரி இருப்பதால், அன்றைக்குக் கஞ்சிக்கு மேல் தேவைப்படுவதும் இல்லை.

நூல்கள் அளவைச் சொல்லும் விதமும் கவனிக்க வேண்டியது. இத்தனை கரண்டி என்று சொல்லாமல், 6 மணி நேரத்தில் செரிப்பது சிறிய அளவு, 12 மணி நேரத்தில் செரிப்பது நடுத்தரம், ஒரு முழு நாள் எடுப்பது பெரிய அளவு என்று சொல்கின்றன. ஒருவருக்குச் சிறிய அளவாக இருப்பது இன்னொருவருக்கு நடுத்தரமாகலாம். நாள் கணக்கும் அப்படித்தான். இளகிய குடல் உள்ளவருக்கு மூன்று நாள் போதும், மலம் கட்டிப்போகிற கடினமான குடல் என்றால் ஏழு நாள் வரை போகலாம். மலம் எண்ணெய்ப்பசையோடு இளகிப் போவது, தோல் மிருதுவாவது, நெய்யைக் கண்டாலே வெறுப்பு வருவது ஆகியவை நிறுத்த வேண்டிய அடையாளங்கள்.

அதனால்தான், சேரும்போதே "முதல் நாள் 30, இரண்டாம் நாள் 60, ஏழாம் நாள் இவ்வளவு" என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணையை நீட்டுகிற இடங்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. நேற்று எத்தனை மணிக்குப் பசித்தது என்று கேட்காமல் இன்றைக்கு அளவைக் கூட்டுவது வைத்தியமே இல்லை. செரிக்காத நெய்யின் மேல் இன்னும் நெய் ஊற்றினால் தலைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று திரும்பிக்கொள்ளும்.

அடுத்தது விசாரணை. கஞ்சி, சோறு, பால், சூப்பு என்று ஏதாவதொன்றில் நெய்யைக் கலந்து கொடுப்பது. பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் இப்படி 24 வகை சொல்கிறார். நெய்யை வெறுப்பவர்கள், கஷ்டம் தாங்காதவர்கள், மது பழகியவர்கள் ஆகியோருக்கு இதுவே உகந்தது என்கிறார். வயதானவர்களுக்கும் இது பாந்தமாக இருக்கும். குறை என்றால் வேகம் குறைவு. நெய் உணவோடு சேர்ந்து செரிப்பதால், அச்சபானத்தில் சில நாளில் தெரிகிற அடையாளங்கள் இதில் தெளிவாகத் தெரியாமல் இழுக்கும். உப்பு சேர்த்த நெய்க் கஞ்சி சீக்கிரம் வேலை செய்யும் என்பதும் நூல் வழக்கே.

மூன்றாவது சமனம். ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் அளவில் பசிக்கிற நேரத்தில், வாரக்கணக்கில் சாப்பிடுவது. வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாம். நல்ல முறைதான், ஆனால் இது நோயைத் தணிக்கக் கொடுக்கிற மருந்து, பேதிக்கு உடம்பைத் தயார் செய்வதில்லை. இரண்டு வாரம் ஸ்பூனில் சாப்பிட்டுவிட்டு "பஞ்சகர்மா செய்தேன்" என்று சொல்வதில் பொருள் இல்லை.

நாள்பட்ட சோரியாசிஸ் போன்ற தோல்நோய்க்கு விரேசனம், அதாவது பேதி சிகிச்சை, கொடுப்பது என்று வைத்தியர் முடிவு செய்திருந்தால், தங்கிச் செய்யும் அச்சபானத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். உடம்பு ஒடுங்கியவருக்கு விசாரணை. விடுப்பே கிடைக்காதவருக்குச் சமனம். வீட்டில் குழந்தைகளையும் அலுவலக அழைப்புகளையும் பார்த்துக்கொண்டு அச்சபானம் செய்வதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். மத்தியானம் பசி வந்ததா, ஏப்பம் எப்படி இருந்தது, மலம் எப்படிப் போனது என்று பார்க்க ஆள் வேண்டும்.

எந்த நெய் என்பதும் சும்மா வந்த விஷயம் அல்ல. தோல்நோய்க்குத் திக்தகம், மகாதிக்தகம். மகாதிக்தகத்தில் கசப்பு மூலிகைகளோடு நெய்யைப் போல இரண்டு மடங்கு நெல்லிச்சாறும் சேரும். மூட்டும் தோலும் சேர்ந்து தொல்லை கொடுத்தால் குக்குலுதிக்தகம். மனக்கலக்கம், தூக்கக் குறைவு என்றால் 28 மருந்துகள் சேரும் கல்யாணகம். அடிக்கடி காய்ச்சலில் விழுந்து இளைத்தவருக்குத் தசமூலம், தேவதாரு, திப்பிலி, பால் எல்லாம் சேர்ந்த இந்துகாந்தம். பருமனான உடம்புக்கு நெய்யே வேண்டாம், எண்ணெய்தான் ஏற்றது என்பதும் நூலில் உள்ளதே. கடையில் கிடைத்த குப்பியை வாங்கி நாமே தொடங்குவது தவறு என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கேரளத்தில் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, சிகிச்சைக்குக் கூட்டம் அலைமோதும் காலம். ஆனால் வாக்படர் மழைத் தொடக்கத்துக்கு எண்ணெயையும், மழை ஓய்ந்த பின்பு நெய்யையும் சொல்கிறார். அவசரமில்லாத நோய் என்றால் ஐப்பசி வாக்கில் போவது பற்றி வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, சிலர் தொடவே கூடாது. பித்தப்பையில் கல் இருந்தால் இவ்வளவு கொழுப்பு ஒரே நேரத்தில் உள்ளே போவது கடும் வலியைக் கிளப்பிவிடும். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தாலோ, கணைய அழற்சி வந்து போயிருந்தாலோ ஆபத்து இன்னும் பெரிது. பசியே சரியாக இல்லாதவர், வயிற்றுப்போக்கு உள்ளவர், கர்ப்பிணிகள் விலகி இருப்பது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: மத்தியானம்வரை சாப்பாடு இல்லாத நாளில் வழக்கமான மருந்தைப் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடமும் பேசிய பிறகே சேர வேண்டும். ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் நெய் டம்ளரை நீட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நெய் முடிந்த மறுநாளே பேதி மருந்து தருகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விரேசனம் என்றால் இடையில் மூன்று நாள் வேண்டும். அந்த நாட்களில் உடம்பில் எண்ணெய் தேய்த்து வியர்க்க வைப்பார்கள், எளிய சூடான சாப்பாடு தருவார்கள். நான்கு நாள் பேக்கேஜில் இதெல்லாம் அடங்க வழியே இல்லை.